மார்லிஸின் பாத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

டெலியா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நெப்ராஸ்காவில் பனி விழுந்துவிட்டதா? இங்கே அயோவாவில் இன்னும் இல்லை.

நீங்கள் தந்த விதையில் முளைத்த நீலத்தண்டுப் புல் மூன்றாம் வருஷமான இப்போதுதான் தோளுயரம் வந்து, செம்பு நிறமாகியிருந்தது. போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது நகராட்சி இயந்திரம் வந்து முன்முற்றத்தை வழித்துவிட்டது. கவலைப்படாதீர்கள். வெளியே தெரிவதைவிட வேர்தான் அதிகம் என்று நீங்களே சொல்வீர்கள். மே மாதம் துளிர்த்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் சிட்டுகளுக்குத்தான் கொத்த விதையும் ஒளிய இடமும் இல்லை.

களை வளர்க்கிறேன் என்று தெருக்காரர்கள் நகராட்சிக்குக் கொடுத்த புகார்த்தாளில் முதல் கையெழுத்து பக்கத்து வீட்டு மார்லிஸுடையது. போன குளிர்காலம் முழுக்க என் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னோடு சிட்டு பார்த்தவள். புல்லை வழித்த மறுநாளே கோழி நூடுல்ஸ் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள்.

"கோவிச்சுக்காதடி. தெருவே களைன்னு சொல்லுச்சு. நான் மட்டும் எப்படி மாட்டேங்கிறது?"

"மொதல் கையெழுத்தே உன்னோடதுதானே, மார்லிஸ்?"

"சாப்பிடு, ஆறிடப்போவுது" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு கவர் விதை அனுப்புங்கள். என் பழைய கம்பளிக் கையுறையும். ஞாயிற்றுக்கிழமை ஃபோனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லவேண்டாம். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தாள். மார்லிஸின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெறுமனே கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள்,
டெலியா