கம்பெனிப் பை வேண்டாம்

அப்பா,

விமானத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது. விருதுநகர் போய் உங்கள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு மதியம் வந்துவிடுவேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

சிங்கப்பூருக்குப் பட்டாசுக் கம்பெனிப் பை வேண்டாம். எத்தனை தடவை துவைத்தாலும் அதில் வெடிமருந்துத் தூசி போகாது. விமான நிலையத்தில் துடைத்துச் சோதித்தால் கருவி கத்திவிடும். உங்கள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் புதுப் பச்சைப் பைக்கு மாற்றிவிட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளுக்காக நீங்கள் பையில் வைத்த கம்பி மத்தாப்புப் பெட்டியை மறுபடியும் வெளியே எடுத்து பீரோ மேல் வைத்திருக்கிறேன். "நம்ம சரக்குன்னா ஒனக்கு அம்புட்டு எளக்காரமா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை அப்பா. விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சரக்கு விற்ற பணத்தில்தான் நான் கெமிஸ்ட்ரி படித்தேன்.

ஹர்ஷினி

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். "போற டிக்கெட்டு ரெண்டு இருக்கு. வாற டிக்கெட்டு ஒண்ணுதான இருக்கு, ஒன்னோடது எங்கம்மா?" என்று கேட்டீர்கள். போனில் இருப்பதாகச் சொன்னேன். போனிலும் இல்லை. அங்கே ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பும்போது நீங்கள் தனியாகத்தான் வரவேண்டியிருக்கும்.