ஒரே விண்ணப்பம்

மார்ச் 6

என் அருமைப் பூனைக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. என் பொடியன் குடிக்கும் பாலில் பாதி மூக்கு வழியாக வந்துவிடுகிறது. நிமிர்த்திப் பிடித்து, கரண்டி கரண்டியாகப் புகட்டி, ஒரு வேளை முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். எடை ஏறலேன்னா ஆபரேஷன்தான்" என்கிறார் டாக்டர்.

உனக்கு ஒரு குழந்தை வேண்டுமென்று இருவரும் ஜெபிக்கத் தொடங்கியபோது பேசிக்கொண்டோமே, அது கிடைக்கும்வரை நமக்கென்று வேறெதுவும் கேட்பதில்லை என்று. இவனைக்கூட நான் கேட்கவில்லை, ஆண்டவர் தாமாகத் தந்தார். இப்போது முழங்காலில் நின்றால் உன் பெயருக்கு முன்னால் "பால் தங்கட்டும் ஆண்டவரே" என்று வாய் முந்திக்கொள்ளப் பார்க்கிறது. அடக்கிக்கொள்கிறேன். இவனுக்காக ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்ளட்டுமாடி? நீ சரி என்றால்தான்.

பயத்துடன்,
உன் கொசு

மார்ச் 15

அடி கொசு,

பைத்தியமே, இதுக்குப் போய் என்கிட்ட அனுமதியா? பால் விஷயத்தை உன் வீட்டுக்காரர் போனில் சொன்ன அன்றே நாம் பேசிக்கொண்டதை நான் மீறிவிட்டேன். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும்போதும் அவனுக்காகத்தான் கேட்கிறேன். இரண்டு தடவை எண்ணிக்கை தப்பி, முதலாளியிடம் திட்டும் வாங்கினேன்.

இன்னொன்று. எனக்காகக் கேட்பதை நிறுத்திவிடு. ஏழு வருஷமாயிற்று, எனக்கே இப்போது வாய் வருவதில்லை. ஆண்டவர்மேல் கோபமில்லை. கடை முடிந்ததும் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நீ இத்தனை காலம் என்னைச் சுமந்ததே எனக்கு வரம். இறக்கி வைத்துவிடு. பிள்ளையைப் பார்.

முத்தங்களுடன்,
பூனை

ஏப்ரல் 9

என் பூனைக்கு,

ஸ்தோத்திரம்! எடை ஏறிவிட்டது. "கத்திக்கு வேலையில்லம்மா" என்று டாக்டர் சிரித்தார். தராசுக்குப் பக்கத்திலேயே அழுதுவிட்டேன். எண்ணிக்கை தப்பிய உன் மாத்திரைகளுக்கும் நன்றி.

நீ கேட்க வேண்டாம். அவர் முன்னால் சும்மா உட்கார்ந்திரு. கேட்கிற வேலை என்னுடையது. இறக்கி வைக்கச் சொன்னாயே, அது மட்டும் முடியாது.

நேற்று பொடியனை மடியில் போட்டுக்கொண்டு உனக்காக ஜெபித்தேன். மாமியார், "இன்னுமா அதையே கேக்குறே? ஆண்டவருக்கே அலுத்துப்போயிருக்கும்" என்றார்.

"அலுத்தா அவரே சொல்லட்டும் அத்தை. அதுவரைக்கும் கேப்பேன்."

முகத்தை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். சற்று நேரத்தில் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொன்னே?" என்று கேட்டார்.

நன்றியுடன்,
கொசு