வியாழக்கிழமைப் பிச்சிப்பூ

அன்றைக்கு அடுத்த வீட்டுப் பகவதி அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மாப்பிள்ளை பாக்கப் போகல அத்தே. அப்பா குடியை விட யோசனை கேக்கப் போறோம்."

இன்று காலை அதே அத்தை, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள அதே சுவருக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு முழம் பிச்சிப்பூ தந்தார். "இன்னைக்காவது நெசமா மாப்பிள்ளைதானாட்டி?" என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பூவைத் தலையில் வைத்ததும் அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள் அப்பா. சாயங்காலம் அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் உங்களுக்கு எழுதி முடித்துவிட வேண்டும்.

அந்த வருஷம் பேட்டை லேத் பட்டறையில் உங்களை மெஷினை விட்டு இறக்கி, சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கை நடுங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த வேலையும் இருக்காது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். குடியும் ஒரு நோய்தான், பேசித் தீர்க்க ஆலோசகர்கள் உண்டு என்று ஒரு டாக்டர் எழுதியிருந்த வார இதழை, அந்தப் பக்கம் தெரிய மடித்து உங்கள் சவரக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். சில நாள் அது அங்கேயே இருந்தது. பிறகு ஒரு காலையில், கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"ஏட்டி, இந்த மாதிரி நம்மூர்ல உண்டுமா?"

"பாளையங்கோட்டையில உண்டுப்பா. வியாழக்கிழமை வியாழக்கிழமை."

"ஏசுவாவளோ?"

"தெரியலயே."

"ஏசுனா எந்திச்சு வந்துருவேன், பாத்துக்க."

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே முறைதான். முதன்முதலாக ஓரிடத்துக்குப் போவதென்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டும், நல்ல துணி உடுத்த வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. உங்களுக்குக் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, அவளுக்குக் கல்யாணப் பட்டு, எனக்கு மாம்பழ நிறச் சேலை, பையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இந்தக் கோலத்தில் வாசல் தாண்டினால் பகவதி அத்தை வேறென்ன நினைப்பார்?

"கோயில்ல வச்சா பாக்காவ? நல்லது நல்லது," என்று யாரும் பதில் சொல்லும் முன்பே என் தலையில் பூவைச் சொருகிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தெருக்கோடியில் பஸ் வருகிறதா என்று பார்த்தீர்கள்.

கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே ஆறு நிறைந்து போனது. நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. பழத்தை டாக்டரிடம் கொடுப்பதா, ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் கொடுப்பதா என்பதுதான் வழியெல்லாம் உங்கள் கவலை. முதலில் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். பிறகு அந்த அம்மாவின் அறைக்குள் போனீர்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது உங்கள் கையில் ஒரு பழத்தோல் இருந்தது. நீங்கள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் கண்டுபிடித்து, நீங்கள் கொண்டுபோன சீப்பிலிருந்தே ஒன்றைப் பிய்த்து உங்களைச் சாப்பிட வைத்திருக்கிறார். தோலை எங்கே போடுவது என்று கேட்க உங்களுக்குக் கூச்சம்.

பஸ்ஸில் சொன்னீர்கள்: "ஏசவே இல்லட்டி. என்னையப் பேச விட்டுட்டு அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. கல்யாணமான நாள்லருந்து உங்கம்மா எனக்கு இம்புட்டு நேரம் குடுத்ததில்ல."

"நின்னு பேசுத நெலமையிலயா நீங்க வீட்டுக்கு வந்திய?" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது நீங்கள்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பட்டறை விட்டதும் பிராந்திக் கடைக்குப் போகிற நேரத்தில் வேறு எங்கே போகப் பிடிக்கும் என்று ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா கேட்டார். ஆற்றுக்கு என்றீர்கள். அன்றிலிருந்து சைக்கிளைக் குறுக்குத்துறைக்கு விட்டீர்கள். சாயங்காலம் தலை ஈரமாக வந்தால் அம்மா கதவைத் திறக்கிற சத்தமே வேறு. தை மாதத்தில் ஒரு நாள் தலை காய்ந்து, கண் சிவந்து வந்தீர்கள். மறுநாள் வியாழக்கிழமை. "நான் வரல, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?" என்று படுத்திருந்தவர், நீங்களாகவே எழுந்து சவரம் செய்துகொண்டீர்கள்.

இதற்குள் தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அதை வந்து சொன்னவர் பகவதி அத்தையின் வீட்டுக்காரர் சங்கரன் மாமா. உங்களோடு அதே பட்டறையில் வேலை, அதே கடையில் குடி. நாம் மூவரும் கிளம்பி வாசலில் நின்றபோது பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. வாரா வாரம் கூட்டிட்டுப் போறிய, ஒரு எடமும் அமையலயே. பிள்ளைக்கு எதுவும் கொறையோன்னு தெருவுல பேசுதாவ."

நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பஸ்ஸைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். பழப் பையைச் சுவர் மேல் வைத்தீர்கள்.

"கொறை பிள்ளைக்கு இல்லவே, எனக்கு. குடியை விட முடியல. அதுக்குத்தான் பாளையங்கோட்டைக்குப் போறோம். மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தெருவுல பேசணும்னா இதப் பேசும்."

பூவோடு வந்த பகவதி அத்தை அப்படியே நின்றுவிட்டார். அம்மாதான் அந்த இடத்தைக் காப்பாற்றினாள். "அதுக்காகப் பூவ நிறுத்திராதிய மயினி!"

அதற்குப் பிறகு நீங்கள் குடிக்கவில்லை. மெஷினுக்குத் திரும்பினீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, மெஷின் பக்கத்திலேயே விழுந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று காலையில்கூட என்னவோ சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனீர்கள்.

இன்று வருகிறவர்களிடம் உங்கள் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் சொல்வேன் அப்பா. குடித்தார், விட்டார், எப்படி விட்டார் என்பதையும் சொல்வேன். எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. ஏதாவது சொல்லத் தயங்கும்போதெல்லாம், நீங்கள் அந்தப் பையைச் சுவர் மேல் வைத்த விதம்தான் எனக்கு நினைவு வரும்.

நீங்கள் அப்படிச் சொன்னதற்கு அடுத்த வியாழக்கிழமை நாம் கிளம்பி வெளியே வந்தோம். சங்கரன் மாமா சவரம் செய்து, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி கட்டி, நம் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.