சாமி படத்துக்கு அடியில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதுவரை எழுதியது மரியாதைக்காக. இனிமேல் வருவதெல்லாம் கோபம். போனில் பேசினால் "அய்யோ அண்ணி" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய், நானும் கூடச் சிரித்துத் தொலைப்பேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ எங்களுக்கு விற்றுவிட்டுப் போன சைக்கிளைப் பற்றித்தான்.

பாப்பாவுக்கு மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, பெற்றவள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஜல்லிச் சரிவு. மலையில் ஓட்டுகிற சைக்கிள்தான் வேண்டும் என்றார்கள். சைக்கிளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புது வண்டியைக் காட்டி, இது போதும், எந்த மலையும் ஏறலாம் என்றார். அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது, எழும்பவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றார். புதிதாக இருக்கும்போதே எழும்பாதது பழசான பிறகா எழும்பும் என்று கேட்டதும், வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தக் கடைக்காரர் எவ்வளவோ தேவலை. அவர் என் கண்ணெதிரில்தான் ஏமாற்றப் பார்த்தார்.

நீ வெளிநாடு கிளம்பும் மும்முரத்தில் இருந்தாய். நீயாக வந்து, "என் சைக்கிளை வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல அண்ணி. பாப்பா ஓட்டட்டும். நம்பி ஓட்டலாம்" என்றாய். ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்கலாமே என்று உன் அண்ணன் முணுமுணுத்தார். நம் வீட்டுப் பிள்ளையிடம் வாங்க மெக்கானிக் எதற்கு என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். கேட்ட விலையோடு நிறுத்தவும் மனம் ஒப்பவில்லை. வழிச்செலவுக்கு ஆகட்டும் என்று, நீ சொன்னதற்கு மேலேயே போட்டுக் கொடுத்தேன்.

நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெடலுக்கு மேலே சாய்ந்து போகிற குழாயில் நான் கொடுத்த சாமி படம் ஒட்டியிருந்தது. நீ அதே சரிவில் விழுந்து தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாயே, அன்று கொடுத்தது. வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றாய். படத்தை இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறானே என்று, வண்டியை வாங்கிய அன்றைக்குக் கண் கலங்கினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் மேடு ஏறும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வருவதாகப் பாப்பா சொன்னாள். தெருமுனை மெக்கானிக் பெடலை முறுக்கினார், சீட்டைக் கழற்றி மாட்டினார், செயினை மாற்றினார். சத்தம் போகவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா அக்கா என்று கேட்டார். சாமி மேல் நகம் படக்கூடாது, வேறு எங்காவது பாருங்கள் என்று நான் சொல்ல, அவரும் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எண்ணெய் விட்டு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் என் பிள்ளை தினமும் அதில்தான் போய் வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழைச் சேற்றோடு நின்ற வண்டியைக் கழுவ உட்கார்ந்தேன். சாமியின் முகமெல்லாம் சேறு. அதுவும் கால் படுகிற இடம். எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெந்நீரில் துணியை நனைத்து ஊற வைத்து, பூஜை அலமாரியில் வைக்கலாம் என்று மெதுவாக உரித்தேன்.

அடியில், சுவர் ஓட்டையை அடைப்பது போல ஏதோ பசையை அப்பி, மேலே பெயின்ட் பூசியிருந்தது. பசை உதிர்ந்த இடத்தில் விரிசல். குழாயைப் பாதி சுற்றிவிட்டது. என் நகம் உள்ளே போனது தம்பி.

அதற்கு முதல் நாள் சாயங்காலம்கூடப் பாப்பா அந்தச் சரிவில் இறங்கி வந்திருக்கிறாள்.

அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. "சித்தப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்திருக்காது என்றேன். படத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, எரிகிற விளக்குக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னேன். சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இது அலுமினியம், பற்றவைத்தாலும் நம்ப முடியாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பாப்பா இப்போது நடந்துதான் ஏறுகிறாள். லேட்டாக வருகிறாள் என்று தலைமை நர்ஸிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். உன் அண்ணன், விடு, பாவம், கையில் காசில்லாமல் தவித்திருப்பான் என்கிறார். தவித்தால் கேட்க வேண்டியதுதானே? நீ கேட்டு நான் எதை இல்லை என்று சொன்னேன்? விரிசல் இருக்கிறது அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வண்டி வேண்டவே வேண்டாமென்று சொல்லிவிட்டு அதே பணத்தை உன் பையில் வைத்து அனுப்பியிருப்பேனே. பசையை அப்பினாய், பெயின்ட் பூசினாய், அது போதாதென்று சாமியையா காவலுக்கு நிறுத்துவாய்?

பணத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே. அனுப்பினால் கணக்கு தீர்ந்தது என்று நீ நிம்மதியாக இருந்துவிடுவாய். எனக்குப் பதில் வேண்டும். அதையும் பாப்பாவுக்கு எழுது.

கடைசியாக ஒன்று. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு அங்கே பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று போட்டோ அனுப்பினாயே. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி முழுக்க ஸ்டிக்கர். யாரிடம் வாங்கினாயோ, அவன் எத்தனை பேருக்கு அண்ணன் தம்பியோ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எல்லாவற்றையும் உரித்துப் பார். வெந்நீரில் ஊற வைத்தால் சுலபமாக வரும். குழாய்கள் சேருகிற இடமெல்லாம் விரலால் தடவு, நகத்தால் கீறு. சாமி படமாக இருந்தாலும் உரி, உனக்காகச் சாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிப் போடு. அதுவரை மேட்டில் ஏறாதே, இறங்காதே, தள்ளிக்கொண்டே போ.

உரித்த படத்தை அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். கோபம் கோபமாகவே இருக்கிறது. ஆனாலும் விளக்கேற்றி வேண்டும்போது உன் பெயரை விட முடியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி