பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் என்று எழுதிய பில்

ஜூலை 7, திங்கள்

வெயில். ஒரு தூறல்கூட இல்லை. பதினொரு மணிக்கே ஷெட்டின் தகரம் தோசைக்கல்.

செய்தவை: புது பில் புக் எடுத்தாயிற்று. கிரீஸ் இரண்டு டப்பா சொல்லியாயிற்று. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு போன். எடுக்கவில்லை, மகாராணி.

நாயுடுவின் பத்துச் சக்கர லாரி மத்தியானம் வந்தது. இரண்டு பெரிய கருங்கல், கிருஷ்ணபட்டணம் துறைமுகத்துக்கு. பின்னால் இடது சக்கரத்து பிரேக்கில் காற்று இறங்குகிறது. உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறதாம். அந்தச் சாமான் சித்தூரில் இல்லை, வேலூரிலிருந்து வர வேண்டும். தாஸ் (நேரில் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டைரியில் யார் கேட்கப் போகிறார்கள்) நாயுடுவுக்கு போன் போட்டார். கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில்.

"நாளைக்கு வரைக்கும் வண்டி நிக்கட்டுமா சார்?"

"நாளைக்கா? கப்பல் எனக்காக நிக்குமாய்யா? டம்மி போட்டு அனுப்பிடு. மிச்ச சக்கரத்துல பிரேக் கீதுல்ல? ஒண்ணும் ஆவாது, ஏமி காது போ."

டம்மி போட்டார். வண்டியைக் கொண்டுவந்த டிரைவரிடம், "மெதுவா போங்க, நெல்லூர்ல மொதல்ல இத மாத்திக்குங்க" என்றார். அவன் தலையாட்டினான். இங்கேயே இறங்கிவிடுவானாம், விடிகாலையில் வேறு டிரைவர் வந்து எடுப்பாராம்.

பில்: பிரேக் அட்ஜஸ்ட்மென்ட். நான்தான் எழுதினேன். சாயந்திரம் கத்தரிக்காய் குழம்பு.

ஜூலை 8, செவ்வாய்

அந்த லாரிதான்.

பூதலப்பட்டு தாண்டி இறக்கத்தில், பொழுது விடிந்ததும். டீக்கடைக்காரர் வந்து சொன்னார். வண்டி நேரே போய்க்கொண்டிருந்ததாம், பிரேக் அடித்ததும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நடுத்திட்டு இடைவெளியில் புகுந்துவிட்டதாம். அங்கே ஒரு அம்மா மொபெட்டில் ரோட்டைக் கடக்க நின்றிருக்கிறாள். காணிப்பாக்கத்தில் பூ விற்கிறவள். அங்கேயே போய்விட்டாள். டிரைவருக்கு இரண்டு காலும் நசுங்கி, திருப்பதி பெரியாஸ்பத்திரியில்.

வலது பக்கம் இழுத்தது. டீக்கடைக்காரர் அதைச் சொன்னபோது தாஸ் கையில் ஸ்பேனர் இருந்தது. கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயில் குந்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. நானும்.

யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன். டம்மி என்றால், கெட்டுப்போன சக்கரத்துக்குப் போகும் காற்றுக்குழாயின் வாயை ஒரு நட்டு போட்டு அடைத்துவிடுவது. அந்த ஒரு சக்கரத்துக்கு பிரேக் இல்லை, மற்றதுக்கெல்லாம் உண்டு. மெதுவாகப் போனால் ஊர் போய்ச் சேரலாம். பாரம் அதிகம், இறக்கம், வேகம் என்றால் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. இந்த ரோட்டில் எல்லா ஷெட்டிலும் போடுவார்கள். எந்த ஷெட்டிலும் அதை பில்லில் எழுத மாட்டார்கள். எழுதினால் எந்த ஓனரும் அடுத்த தடவை வர மாட்டான். பன்னிரண்டு வருஷமாக நானும் "பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்" என்றே எழுதி வந்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எப்படிச் சொன்னாலும் கேட்க நன்றாக இல்லை.

ஜூலை 9, புதன்

மேகம் கட்டிக் கலைந்துவிட்டது.

கான்ஸ்டபிள் வந்தார். நல்ல மனுஷன்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தார். லாரி கேபினில் எங்கள் பில் கிடைத்ததாம்.

"ஈ கையெழுத்து எவரிதி?"

"என்னுதுங்க."

"முந்தா நாள் பிரேக் பார்த்தாச்சின்னு போட்டு கீது. அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திச்சி?"

தாஸைப் பார்த்தேன். தாஸ் தரையைப் பார்த்தார். "அட்ஜஸ்ட் பண்ணம் சார்" என்றார். கான்ஸ்டபிள் பில் புக்கின் அடிப்பிரதியை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஓனர் தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வண்டியில் குறை இல்லை என்பதற்கு என் பில்தான் அத்தாட்சி.



ஜூலை 10, வியாழன்

லாரி ஹாரன் அடித்தால் நெஞ்சு தூக்கிப் போடுகிறது. ஹைவே ஓரத்தில் ஷெட் வைத்துக்கொண்டு இந்த அழகு.

பயத்துக்குச் செய்தவை: பாத்திரம் எல்லாம் இறக்கித் தேய்த்தேன். பைபிளில் சங்கீதம் வாசித்தேன், இரண்டாவது வரியில் மனசு ஓடிவிட்டது. அரிசி இரண்டு தடவை கழுவினேன்.

தாஸ் இன்று ஒரு வண்டியையும் தொடவில்லை. வந்தவர்களிடம் காய்ச்சல் என்றார். டீக்கடையில் ஒருவன்: "பூக்காரம்மாவுக்கு ரெண்டு பொண்ணாம். டிரைவர் பேமானி தூங்கிக்கினு ஓட்டிக்கிறான்." இன்னொருவன்: "அவன உள்ள போட்டு மிதிக்கணும்." நான் பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

திருப்பதி போனேன். சித்தி வீட்டுக்கு என்று பொய். தாஸ் நம்பவில்லை, தடுக்கவும் இல்லை.

பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கண் அங்கேயே போயிற்று. கண்ணாடித் தூள். மண் கொட்டியிருந்தார்கள்.

டிரைவர் பேர் முனிரத்தினம். நகரி பக்கத்து ஆள், ஐம்பது வயசு இருக்கும். மனைவி சரசு விசிறிக்கொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கு இரண்டாவது பொய். பழம் கொடுத்தேன்.

"தூக்கம் வந்துச்சிங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனோ.

"வர்லன்னுதான் மொதல்ல சொன்னேன் சிஸ்டர். பிரேக்ல காலு வெச்சேன், வண்டி சோத்தாங்கைப் பக்கம் இஸ்துகினு போச்சி. அப்டிதான் நெனப்பு. ஆனா ஓனர் சொல்றாரு, போலீஸ்காரு சொல்றாரு, பிரேக் மொத நாள்தான் பார்த்திருக்காங்கன்னு பில்லு காட்றாங்க. அப்ப நான் தூங்கித்தான இருக்கணும்? முப்பது வருஷமா ஓட்றேன். தூங்குனது எனக்கே தெரில பாருங்க."

சரசு என்னைப் பார்த்து, "திங்கக்கெழமை காலீல வந்து வாக்குமூலம் எழுதிக்கினு போவாங்களாம். தூங்கிட்டேன்னு ஒத்துக்கினா சீக்கிரம் முடிஞ்சிடும்னு ஓனர் சொல்றாரு" என்றாள்.

ஜெபம் பண்ணினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆமென் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர். "அந்தப் பூக்காரம்மா மொகம் தெரிஞ்சிச்சி சிஸ்டர். என்னியே பாத்துக்கினு இருந்திச்சி" என்றார்.

உண்மையைச் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். கேடுகெட்டவள் நான்.

ஜூலை 12, சனி

நாயுடு நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் லட்டுப் பெட்டி. வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் பிரிக்கவில்லை, எறும்பு வந்துவிட்டது.

"திங்கக்கெழமை வண்டி இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. தாஸு, நீ ஞாயித்துக்கெழமை போய் அந்த நட்ட எடுத்துட்டு பைப்ப பழையபடி மாட்டிடு. ரப்பர் கிழிஞ்சது ஆக்சிடென்ட்லன்னு ஆயிடும். வண்டி ஸ்டேஷன் பக்கத்துக் காலி எடத்துலதான் நிக்குது, செவுரு கூட இல்ல. நீ பயப்படாத. நீ உள்ள போனா நான் மட்டும் வெளிய இருப்பனா? மனம் மனம் ஒகட்டே."

நாமெல்லாம் ஒன்றாம். திங்கட்கிழமை ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

அவர் போனபின் சண்டை. நான் கத்தினேன், தாஸ் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"நான் ஜெயிலுக்குப் போனா ஒனக்கு சந்தோஷமா? புள்ளய யாரு படிக்க வைக்கறது?"

"அந்த மனுஷன் போனா பரவால்லியா?"

"அவுருக்கு வக்கீலு வெப்பாரு நாயுடு."

"யாருக்கு வெப்பாருன்னு பாக்கலாம்."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஷீலா அக்காவைச் சர்ச் கேட் அருகே பிடித்தேன். சபையில் ஒரே வக்கீல், சமோசா தின்றுகொண்டிருந்தாள். தெரிந்தவர் ஒருத்தர் என்று ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டாள், சமோசாவைக் கீழே வைக்கவில்லை.

அவள் சொன்னது, மறக்கும் முன்:

டிரைவர் மேல்தான் கேஸ் முதலில் விழும். அது வழக்கம். ஆனால் பிரேக் இல்லை என்று தெரிந்தே வண்டியை ரோட்டில் விட்டவர் ஓனர். அது தெரியவந்தால் அவர் மேல் திரும்பும். செத்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலிக்கப் பார்க்கலாம். அளவுக்கு மேல் கல் ஏற்றி அனுப்பியவர்களையும் கேட்பார்கள். அடைத்த மெக்கானிக்கும் தப்ப முடியாது.

"அவரா போய்ச் சொன்னா?"

"தண்டனை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் கிருபா. சொன்னவருக்கும் மாட்டிக்கினவருக்கும் கோர்ட்டு வித்தியாசம் பார்க்கும், அவ்ளோதான். ஆனா அந்த நட்ட மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்டா சாட்சிய அழிச்சதுன்னு தனிக் கேஸு." பிறகு என் கையைப் பிடித்தாள். "ஒங்க வீட்டுக்காரரு ஆராதனைக்கு வர்லியா?"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். தாஸ் கொல்லையில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு காகிதம், அதன் மேல் நட்டு.

"முடிஞ்சிச்சி" என்றார்.

எவ்வளவு சின்னது. கட்டைவிரல் நகம் அளவு. அதைத் தூக்கி எறியவும் அவருக்குத் தைரியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். என் பைக்குள் போட்டேன். பார்த்தார்.

"காலையில திருப்பதி போறேன்" என்றேன். "அவரு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

"போவாத மே."

"எனக்கும் பயமாத்தான் கீது. ஆனாலும் போறேன்."

ஜூலை 14, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது, ஒரு வழியாக. குடை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் பைக் வந்து நின்றது. தாஸ். முகம் கழுவவில்லை. "ஏறு" என்றார். எங்கே என்று நானும் கேட்கவில்லை. மழையில் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

வார்டில் ஏட்டு ஏற்கெனவே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையில் காகிதம் மாட்டி எழுதிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "கண்ணு அசந்துட்டன் போல சார்…"

நான் வாயைத் திறப்பதற்குள் தாஸ் கட்டிலருகே போய்விட்டார். காலைப் பார்த்தார், கட்டுகளை. அப்புறம்தான் பேசினார்.

"அண்ணே. நீ தூங்கல. நான் அந்த ஷெட்டு மெக்கானிக். பின் சக்கரத்து பிரேக்க நான்தான் அடைச்சேன். ஓனர் சொல்லி அடைச்சேன். ஒனக்கு யாரும் சொல்லல. நேத்திக்குப் போய் அதயும் கழட்டிட்டேன்."

நான் பையிலிருந்து நட்டை எடுத்து ஏட்டு முன்னால் வைத்தேன். "போன்ல சொன்னத நானும் கேட்டன் சார். பொய் பில் எழுதினது நான்" என்றேன். எங்கிருந்து குரல் வந்ததோ.

ஏட்டு எழுதிய காகிதத்தை எடுத்து மடக்கினார். புதுத் தாள் மாட்டினார். தாஸைப் பார்த்து, "நுவ்வு எக்கடிக்கி போவத்து. எங்கயும் போகக் கூடாது. ரெண்டு பேரும்" என்றார்.

முனிரத்தினம் அடிப்பார், திட்டுவார், சரசு மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தேன். சரசு திட்டத்தான் செய்தாள், நல்லா, வாய் ஓயும்வரை. அவர் திட்டவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாஸின் சட்டையைப் பிடித்து இழுத்தார், காது அவர் வாயருகே வரும்வரை.

"இன்னொரு தபா சொல்லு."

"நீ தூங்கலண்ணே."

"இன்னொரு தபா."