அம்மாவின் தோளும் மைக்ரோவேவ் சூடும்

ஆவடி,
13-2-1995

அன்பு மகள் சுசீலாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிதான் உண்மை. அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கை தலைக்கு எழும்பவில்லை, நான்தான் தலை வாரிவிடுகிறேன், கோணல் வகிடு என்று திட்டும் வாங்குகிறேன். ஆஸ்பத்திரியில் மைக்ரோவேவ் சூடு வைக்கச் சொன்னார்கள். உன் வீட்டு அடுப்பில் இருக்கும் அதே அலைதான், உன் குரலை டெலிபோனில் இங்கே கொண்டுவருவதும் அந்த ஜாதிதானாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்ச் சதையிலுள்ள தண்ணீரை ஆட்டி வைக்கிறது, அந்த ஆட்டத்தில் உள்ளேயே சூடு பிறந்து இறுக்கம் இளகுகிறது. ஆனால் பக்கத்தில் உலோகம் இருந்தால் சூடு அங்கே குவிந்து தோலைப் பொசுக்கிவிடும். எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பொறி பறந்தது என்று எழுதினாயே, அதே சங்கதி.

சூடு வைக்கும் பேபி என்ற பெண் நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். உன் அம்மா வளையலையும் கம்மலையும் என் கையில் கொடுத்துவிட்டு, தாலிச் செயினை மட்டும் ரவிக்கைக்குள் தள்ளி மறைத்து, கழற்றியாச்சு என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டாள். சுட்டபோதும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கொப்புளத்தைப் பார்த்தேன். அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணிக்கீற என்று கத்திவிட்டேன். போன வருஷம் எனக்கு வந்த நெஞ்சுவலி அவள் மனதை விட்டுப் போகவில்லை. கயட்டுனா உனுக்கு எதுனா ஆய்டும்யா, தோளு போனா போவட்டும் என்று அழுதாள். மஞ்சள் கயிற்றில் கிழங்கு முடிந்து முதலில் கட்டுகிறேன், பிறகு செயினை எடுக்கலாம் என்றேன். அப்பவும் கயட்டுனது கயட்டுனதுதானே என்கிறாள். இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாளாம். விட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

ஆபரேஷன் தியேட்டர் டியூட்டிக்கு நீ தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு அனுப்பிய போட்டோவில் நர்ஸ் யூனிபாரத்தில் உன் கழுத்து வெறுமையாக இருந்தது. அம்மா கண்ணில் படாமல் பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இப்போது அதை நீயே அவளுக்கு எழுத வேண்டும். தினமும் கழற்றுகிறேன், மாப்பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று எழுது. நான் சொன்னால் நம்பமாட்டாள். உன்னைத் திட்டுவாள், சில நாள் பேசாமல்கூட இருப்பாள். வாங்கிக்கொள் கண்ணு, ஸ்கூல் முடிக்கும்வரை உனக்குத் தலை பின்னிவிட்ட கை அது.

இருவரும் குறைவில்லாமல் பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் கடிதத்தை அம்மா பெயருக்கே போடு.

உன் அன்பு அப்பா,
கஜபதி