பகடைக்குத் திறக்காத கதவு

தாராவி
4-3-2025

விசாலாக்ஷி அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். ஆளுக்கொரு வேஷம் போட்டு ஆடும் நம் ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் ஆட்டத்தில் நான் கோட்டைக் காவலன் மாடன். வியாபாரி வேஷத்தில் நாகராஜ் கதவைத் திறக்கச் சொன்னான். ஏன், எதற்கு என்று ஒரு பேச்சு உண்டா? திரையில் இரண்டு பகடையை உருட்டினான். "அண்ணாச்சி, ப... பன்னெண்டு! உங்க மனசு மாறிட்டு, தொறங்க" என்று சிரிக்கிறான். ஆட்டத்தை நடத்தும் நீங்களும் 'மாடன் மனம் இளகியது, கதவு திறந்தது' என்று வாசித்துவிட்டீர்கள்.

வாள் சண்டையில் பகடை சொன்னால் மாடன் சாகட்டும், கேட்கமாட்டேன். மனசு எப்படி உருட்டலில் மாறும்? வடாலாவில் ஒரு கிடங்கு கேட்டில் முப்பத்தொரு வருஷம் வாட்ச்மேனாக நின்றவன் நான். பாஸ் இல்லாத முதலாளி மருமகனையே வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் படிக்கவே அகராதி வைத்து ஆங்கிலம் கற்றேன். பகடையால் மனசை மாற்றும் விதியை நீக்கினால் வருவேன். இல்லையென்றால் இல்லை.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி

மாட்டுங்கா
11-3-2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மூட்டுவலி அப்படியேதான். அங்கிருந்து இங்கே நடந்தே வரும் தூரம். உங்கள் கோபம் வந்துசேர நான்கு நாள் ஆகியிருக்கிறது.

தீபாவளி சமயத்தில் நீங்கள் பதினொன்று போட்டு நம்மோடு ஆடும் வாலாம்பாளின் மகாராணியை மன்னிப்புக் கேட்க வைத்தீர்களே, அப்போது பகடை இனித்ததோ?

விதியை நீக்கமாட்டேன். நாகராஜுக்குப் பேச்சு திக்கும். நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். பேச்சு மட்டும் போதுமென்றால் அவன் ஒருநாளும் உங்களை ஜெயிக்க முடியாது. அவனுக்காகத்தான் அந்த விதி.

ஆனால் தோற்றவர் மனத்தை இனி நான் எழுதமாட்டேன். பகடையில் தோற்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். எப்படி, என்ன நிபந்தனை என்பதைத் தோற்றவரே சொல்லட்டும். அந்தக் கதவிலிருந்தே தொடங்கலாம். போன ஞாயிறு அது திறந்தே கிடந்தது. காவலுக்கு ஆளில்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.

உங்கள்,
விசாலாக்ஷி

தாராவி
18-3-2025

விசாலாக்ஷி அம்மாவுக்கு,

மகாராணி விஷயத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் நாகராஜ் சங்கதியை நான் யோசிக்கவில்லை. அவன் பேசும்போது பாதியில் நானே வாக்கியத்தை முடித்துவிடுவேன், உதவி என்று நினைத்து.

என் நிபந்தனை இது. பெரிய கதவு திறக்காது. அதிலுள்ள திட்டிவாசலைத் திறப்பேன். ஓர் ஆள் குனிந்து வரலாம். எந்த கேட்டிலும் உள்ள வழக்கப்படி பேரும் வந்த காரியமும் சொல்ல வேண்டும். வியாபாரி மெதுவாகவே சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் மாடன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்பான்.

வீட்டில் கோமதி, "ஞாயித்துக்கெழம சும்மா உக்காந்து என் உசுர வாங்காதீங்க, போய் வெளயாடுங்க" என்கிறாள். ஆட்டத்துக்குத் திரும்பலாமா என்று நேற்று பகடை உருட்டிப் பார்த்தேன். மூன்று விழுந்தது. போகக்கூடாதாம்.

பகடை சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? ஞாயிறு நாலு மணிக்கு வருகிறேன்.

செல்லப்பாண்டி